பள்ளி மாறியிருக்கிறதா என்பதைக் கால அட்டவணையில் பாருங்கள்

கல்வி உலகில் அடுத்தடுத்து வரும் புதிய சவால்களுக்கும் மாற்றங்களுக்கும் ஏற்பப் பள்ளிகள் தங்களை எப்படி மாற்றிக்கொள்கின்றன, எங்கே அது கைகூடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்பது கேள்வி. நெடுங்காலம் வகுப்பறையிலும் அதன் பின் பள்ளி நிர்வாகத்திலும் இருந்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பள்ளிகள் புதியவற்றை மறுப்பதில்லை. புதிய பாடத்திட்டம், புதிய கருவி, புதிய பயிற்சி என எது வந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால் உள்ளே வந்த ஒவ்வொன்றையும் தன் பழைய வடிவத்துக்குள் அடக்கிக்கொள்ளும் ஆற்றல் பள்ளிக்கு உண்டு. ஆகவே ஒரு பள்ளி உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று அறிய விரும்புபவர் அதன் ஆண்டறிக்கையையோ நுழைவாயிலில் எழுதப்பட்டிருக்கும் குறிக்கோள் வாசகத்தையோ படிக்கத் தேவையில்லை. கால அட்டவணை, வினாத்தாள் ஆகிய இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் போதும். தன் நேரத்தைப் பள்ளி எதற்குக் கொடுக்கிறது என்பதை முதலாவது காட்டும். எதைக் கற்றல் என்று அது மதிக்கிறது என்பதை இரண்டாவது காட்டும். இவ்விரண்டும் மாறாத இடத்தில் மற்ற மாற்றங்கள் சில ஆண்டுகளில் கரைந்துபோவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

இதற்கான காரணம் இன்றைய பள்ளி உருவான விதத்திலேயே இருக்கிறது. ஒரே வயதுக் குழந்தைகளை ஒரு வகுப்பாக்குவது, அறிவைப் பாடங்களாகப் பிரிப்பது, மணியடித்து நாளைப் பாடவேளைகளாக வெட்டுவது, ஓர் அறைக்கு ஓர் ஆசிரியரை நிறுத்துவது, ஆண்டு முடிவில் மதிப்பெண் கொடுத்து அடுத்த வகுப்புக்கு அனுப்புவது ஆகியவை நமக்கு இயற்கையானவை போலத் தோன்றுகின்றன. உண்மையில் இவை பெருந்திரளான குழந்தைகளுக்குக் குறைந்த செலவில் கல்வி கொடுக்க வேண்டியிருந்த 19-ஆம் நூற்றாண்டின் நெருக்கடியில் நிலைபெற்றவை. அதே நெருக்கடிக்கு வேறு விடைகளும் இருந்தன. சென்னை எழும்பூரில் ராணுவத்தினரின் ஆதரவற்ற சிறுவர்களுக்காக இருந்த விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் உள்ளூர்ப் பள்ளிக் குழந்தைகளைக் கண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியில் அமைத்தார். 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பின் அது மெட்ராஸ் முறை என்ற பெயரில் பல நாடுகளுக்குப் பரவியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் பெருகியதும் அம்முறை மறைந்து, வயதுவாரி வகுப்பே நிலைத்தது. இப்படி நிலைத்துவிட்ட வழக்கங்களை அமெரிக்க ஆய்வாளர்களான டேவிட் டையாக், வில்லியம் டோபின் ஆகிய இருவரும் 1994-இல் எழுதிய கட்டுரையில் பள்ளியின் இலக்கணம் என்று அழைத்தனர். மிகப் பொருத்தமான பெயர் அது. பேசுகிறவர் இலக்கணத்தை எண்ணிக்கொண்டு பேசுவதில்லை. ஆனால் இலக்கணம் தப்பிய வாக்கியம் உடனே காதில் உறுத்தும். அதுபோல, வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நடமாடினாலோ, இரண்டு ஆசிரியர்கள் ஒரே அறையில் நின்றாலோ, தேர்வு இல்லாத பாடம் ஒன்று நடந்தாலோ, இது என்ன பள்ளி என்று பெற்றோர் கேட்டுவிடுகிறார்கள்.

பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லிப் பழகியிருக்கிறோம். பள்ளிகளில் புகுதல் நடக்கும் அளவுக்குக் கழிதல் நடப்பதில்லை. திரைப்படம் பாடநூல்களின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொள்ளும் என்று 1922-இல் தாமஸ் எடிசன் நம்பிக்கையோடு அறிவித்தார். அதன் பின் வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கணினி வந்தது. ஒவ்வொன்றும் ஆசிரியர் ஏற்கெனவே செய்துவந்த வேலைக்குத் துணையாக ஓர் ஓரத்தில் அமர்ந்துகொண்டது. பெரு நாட்டில் ஊரகத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி என்ற திட்டத்தில் கணினிகள் வழங்கப்பட்டபோது, 319 பள்ளிகளில் அதன் பயனை ஆய்வு செய்தார்கள். ஒரு மாணவருக்கு 0.12 என்று இருந்த கணினிகளின் விகிதம் 1.18 ஆக உயர்ந்திருந்தும், கணக்கிலும் மொழியிலும் குழந்தைகளின் அடைவில் முன்னேற்றம் தென்படவில்லை என்று 2012-இல் வெளிவந்த முடிவுகள் கூறின. கருவியின் மீது குற்றமில்லை. பாடவேளைக்குள் அதைக் கொண்டு என்ன செய்வது என்பதை ஆசிரியருக்கு யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை. அதற்கென்று பழைய வேலை எதுவும் விலக்கப்படவுமில்லை. ஸ்மார்ட் போர்டு பொருத்திய வகுப்பறையில் பாடநூலின் பக்கத்தையே பெரிதாக்கிக் காட்டி வாசிக்கும் காட்சியைப் பார்க்காத கல்வி அலுவலர் இருக்க முடியாது. புதிய மொந்தையில் பழைய கள் என்ற சொல் இதற்கு மிகவும் பொருந்தும்.

இந்தப் பின்னணியில்தான் அண்மைக்காலத்தின் மிகப் பெரிய சோதனையைப் பார்க்க வேண்டும். கொரோனா பெருந்தொற்றின் உச்சத்தில் 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் கல்வி தடைபட்டது என்று ஐக்கிய நாடுகள் சபை கணக்கிட்டது. சில வாரங்களுக்குள் இணையவழி வகுப்புகள் தொடங்கிவிட்டன என்பதை வைத்துப் பள்ளிகள் மின்னல் வேகத்தில் மாறிவிட்டன என்று அப்போது பலர் பாராட்டினர். ஆசிரியர்கள் அந்த நாள்களில் காட்டிய உழைப்பை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஒரே வாரத்தில் காணொளி எடுக்கக் கற்றுக்கொண்டு, மாணவர் வீடுகளுக்குத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்துப் பேசியவர்களை அறிவேன். ஆயினும் பெரும்பாலான இடங்களில் நடந்தது, அதே கால அட்டவணையைத் திரைக்கு மாற்றியதுதான். உலகின் பள்ளி மாணவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதாவது குறைந்தது 46.3 கோடிப் பேருக்கு, அந்தத் தொலைவழிக் கல்வியும் எட்டவில்லை என்று 2020 ஆகஸ்டில் யுனிசெஃப் தெரிவித்தது. இணைய வசதி மிகுந்த நெதர்லாந்திலேயே, 8 வாரங்கள் மட்டும் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் மாணவர்கள் வீட்டிலிருந்து ஏறக்குறைய எதையும் புதிதாகக் கற்கவில்லை என்றும், படிப்பு குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு இழப்பு 60 விழுக்காடு வரை கூடுதல் என்றும் 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

மூடப்பட்ட பள்ளியைவிட, மீண்டும் திறந்த பள்ளி என்ன செய்தது என்பதே எனக்கு முதன்மையான கேள்வியாகப் படுகிறது. 2005 அக்டோபரில் பாகிஸ்தானின் வடபகுதியைத் தாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அங்குள்ள பள்ளிகள் ஏறத்தாழ மூன்று மாதங்கள் மூடியிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் சென்று பார்த்தபோது வீடுகளும் குடும்பங்களின் பொருளாதாரமும் பெரும்பாலும் மீண்டிருந்தன. நிலநடுக்கப் பிளவுக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகள் மட்டும், தொலைவில் வாழ்ந்தவர்களைவிட ஒன்றரை ஆண்டுப் படிப்பு அளவுக்குப் பின்தங்கியிருந்தனர். மூன்று மாத இடைவெளி ஒன்றரை ஆண்டாக வளர்ந்தது எப்படி என்பதைத் தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒருமுறை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பள்ளி திறந்ததும் ஆசிரியர்கள் அந்த வகுப்புக்குரிய பாடத்திட்டத்திலிருந்து தொடங்கியிருப்பார்கள். குழந்தை அதற்கு முந்தைய படியிலேயே நின்றிருக்கும். ஒவ்வொரு மாதமும் பாடம் முன்னே போக, குழந்தைக்கும் பாடத்துக்கும் இடையிலான தூரம் பெருகியிருக்கும் என்பதே மிகவும் ஏற்கத்தக்க விளக்கம். தொடக்கக் கல்வியையாவது முடித்த தாய்மார்களின் பிள்ளைகளுக்கு இந்தச் சரிவு ஏற்படவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. பள்ளி பின்னோக்கிச் செல்ல மறுத்த இடத்தில் தாய் பின்னோக்கிச் சென்று கைபிடித்து அழைத்து வந்திருக்கிறார் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

குழந்தை நிற்கும் படியிலிருந்து தொடங்குவது எப்படி என்பதற்கு விடை தெரியாமல் இல்லை. பிரதம் என்ற தன்னார்வ அமைப்பு வகுத்த முறையில், 3-ஆம் வகுப்பு, 5-ஆம் வகுப்பு என்று பார்க்காமல், எழுத்து அறிந்தவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர், கதை வாசிப்பவர் எனக் குழந்தைகளை நிலைவாரியாகக் குழுக்களாக்கி, நாளின் ஒரு பகுதியில் அந்த நிலைக்கேற்பக் கற்பிப்பார்கள். இதில் கூர்ந்து கவனிக்க வேண்டிய செய்தி அதன் வெற்றிகளில் மட்டும் இல்லை; அது எங்கே தோற்றது என்பதிலும் இருக்கிறது. பீகாரில் கோடை விடுமுறை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்களே இம்முறையைக் கையாண்டு சில வாரங்களில் வாசிப்பை உயர்த்திக் காட்டினர். ஆனால் பள்ளி ஆண்டு தொடங்கிய பின், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் துணைக்கருவிகளும் மட்டும் தரப்பட்டபோது பலன் ஏதும் தெரியவில்லை. ஆசிரியர்களும் அவர்களே, முறையும் அதுவே. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற கட்டளை அப்படியே இருந்ததால், பயிற்சியில் கற்றது பைக்குள்ளேயே தங்கிவிட்டது. பின்னர் ஹரியானாவில் கால அட்டவணையில் இதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அந்த மணி நேரத்தில் குழந்தைகள் தங்கள் வகுப்பை விட்டெழுந்து தங்கள் நிலைக்குரிய குழுவுக்குச் சென்றனர். மேற்பார்வையாளர்கள் பள்ளிக்கு வந்து வழிகாட்டினர். அங்கே வாசிப்பு உயர்ந்தது. பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ முதலியோர் இந்தத் தொடர் ஆய்வுகளை நடத்தினர். பயிற்சியைப் பலனாக்கியது அந்த ஒரு மணி நேரம்தான் என்பதே இந்த ஆய்வுகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். எந்த மாற்றத்தைப் பற்றிப் பேசினாலும் இதையே நான் முதலில் சொல்வது வழக்கம்.

இனி இரண்டாவது தாளான வினாத்தாளுக்கு வருகிறேன். 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானபோது பள்ளிகள் முதலில் செய்தது தடை விதிப்பது. நியூயார்க் நகரப் பள்ளித் துறை 2023 ஜனவரியில் தன் வலையமைப்பில் அதைத் தடுத்து, மே மாதத்தில் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது. எழுதியது மனிதரா, இயந்திரமா என்று கண்டுபிடிக்க, சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கருவி, துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. அப்படியிருக்க, கண்டறியும் மென்பொருள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு மாணவர் மீது ஐயப்படுவதை நான் சரியான வழியாகக் கருதவில்லை. தவறாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பிள்ளையின் மனத்தில் பள்ளியைப் பற்றி ஏற்படும் கசப்பு எளிதில் போகாது. செயற்கை நுண்ணறிவு எழுப்பியிருக்கும் உண்மையான கேள்வி வேறு. வீட்டுப்பாடமாகக் கொடுத்த கட்டுரையை இயந்திரம் ஒரு நிமிடத்தில் எழுதிவிடும் என்றால், அந்தக் கட்டுரையின் மூலம் நாம் மாணவரிடம் எதை அளக்க நினைத்தோம்? செய்தியைத் தொகுப்பதையா, சொந்தமாகச் சிந்திப்பதையா, பிழையற்ற மொழியையா? இந்தக் கேள்வியை நேர்மையாக எதிர்கொண்ட ஆசிரியர்கள் வினாவையே மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். முடிந்த கட்டுரையோடு முதல் வரைவையும் குறிப்புகளையும் சேர்த்துக் கேட்பது, எழுதியதை ஐந்து நிமிடம் வாய்மொழியாக விளக்கச் சொல்வது, முக்கியமான எழுத்தை வகுப்பறையிலேயே கையால் எழுத வைப்பது, இயந்திரம் தந்த ஒரு விடையைக் கொடுத்து அதிலுள்ள பிழைகளைக் கண்டுபிடிக்கச் சொல்வது ஆகியவை அவற்றுள் சில. இவை எல்லாமே ஆசிரியரின் நேரத்தைக் கூடுதலாகக் கேட்பவை. நாற்பது பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேலாகிவிடும். அந்த நேரம் எங்கிருந்து வரும் என்று சொல்லாமல் வெளியிடப்படும் கொள்கைக்கு மதிப்பில்லை. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், வகுப்பறையில் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்த 13 வயதைக் குறைந்தபட்ச எல்லையாகப் பரிந்துரைத்தது. எழுத்துப் பழக்கம் உருவாகும் வயதில் எழுதும் வேலையையே இயந்திரத்திடம் விட்டுவிடுவது எனக்கும் ஏற்புடையதாக இல்லை.

கைபேசியைப் பொறுத்தவரை உலகம் ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. பள்ளியில் அதைத் தடைசெய்ய பிரான்ஸ் 2018-இலேயே சட்டம் இயற்றியது. நெதர்லாந்து 2024 ஜனவரி முதல் இடைநிலைப் பள்ளி வகுப்பறைகளிலிருந்து அதை விலக்கியது. சுவீடன் 2023 முதல் சிறு குழந்தைகளின் கல்வியில் அச்சிட்ட நூலுக்கும் கையெழுத்துக்கும் மீண்டும் முதன்மை கொடுக்கத் தொடங்கியது. இதைப் பின்னடைவு என்று நான் சொல்ல மாட்டேன். தான் சேர்த்துக்கொண்ட ஒன்றைத் திரும்ப எடைபோட்டு, வேண்டாத இடத்திலிருந்து எடுத்துவிடத் துணிவதும் தகவமைப்புதான்.

மதிப்பீட்டைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாணவரின் விடைத்தாளில் மதிப்பெண் மட்டும் இடுவது, கருத்துரை மட்டும் எழுதுவது, இரண்டையும் சேர்த்துத் தருவது ஆகிய மூன்றையும் ஆய்வாளர் ரூத் பட்லர் 1988-இல் ஒப்பிட்டுப் பார்த்தார். கருத்துரை மட்டும் பெற்ற குழந்தைகளே அடுத்த பணியில் முன்னேறினர். மதிப்பெண்ணும் சேர்ந்து வந்தபோது கருத்துரையின் பயன் மறைந்துபோனது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் ஒரு வகுப்பைக் கவனித்திருப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. எண்ணைப் பார்த்ததும் தாள் மடிக்கப்பட்டுவிடும். பக்கத்து மாணவரின் எண் என்ன என்பதே அடுத்த கேள்வி. பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகியோர் 1998-இல் பல ஆய்வுகளைத் தொகுத்து, கற்றல் நடந்துகொண்டிருக்கும்போதே அதை அறிந்து கற்பித்தலைத் திருத்திக்கொள்ளும் வளரறி மதிப்பீட்டின் வலிமையை எடுத்துக்காட்டினர். அந்தச் சொல் உலகெங்கும் பரவியது. பரவிய வேகத்திலேயே பல இடங்களில் அது சிறு தேர்வுகளின் வரிசையாகவும், நிரப்ப வேண்டிய படிவங்களாகவும் மாறிவிட்டது. ஆசிரியர் தன் அடுத்த பாடத்தை மாற்றிக்கொள்வதற்காகச் செய்ய வேண்டிய ஒன்று, மேலே அனுப்புவதற்கான பதிவேடாகிப் போனது. சிங்கப்பூர் வேறு பாதையில் சென்றது. குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்க வைப்போம் என்ற முழக்கத்தை அந்நாடு 2005-ஐ ஒட்டியே தொடங்கிவிட்டது. ஆனால் 2019-இல் முதலிரு தொடக்க வகுப்புகளில் மதிப்பெண் சேரும் தேர்வுகளை நீக்கி, 2023-க்குள் எல்லா வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வை எடுத்துவிட்ட பிறகே அந்த முழக்கத்துக்குக் கால அட்டவணையில் இடம் கிடைத்தது. தேர்வுக்கும் அதற்கான திருப்புதலுக்கும் போன வாரங்கள் ஆசிரியருக்குத் திரும்பக் கிடைத்தன. இறுதித் தேர்வின் அழுத்தம் அங்கே இன்னும் குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆசிரியரின் நேரம் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்; அதற்குக் காரணம் உண்டு. மாற்றம் என்பது மேலிருந்து வரும்போது சுற்றறிக்கையாக வருகிறது; வகுப்பறைக்குள் அது ஓர் ஆசிரியரின் முடிவாகவே நுழைய முடியும். அந்த முடிவை அவர் தனியாக எடுக்க நேர்ந்தால் தனக்குத் தெரிந்த பழைய வழியையே தேர்ந்தெடுப்பார், அது மனித இயல்பு. ஜப்பானிய ஆசிரியர்கள் இதற்கு ஒரு நல்ல வழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே வளர்த்துவந்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் அதை நடத்த மற்றவர்கள் அறையின் ஓரங்களில் நின்று குழந்தைகளின் முகத்தையும் நோட்டையும் கவனிப்பார்கள். பின்னர் அமர்ந்து, எந்த இடத்தில் குழந்தைகள் குழம்பினார்கள், எந்தக் கேள்வி அவர்களை யோசிக்க வைத்தது என்று பேசுவார்கள். ஆசிரியரின் திறமையை எடைபோடுவது அங்கே நோக்கமில்லை. பாடத்தை எடைபோடுவதே நோக்கம். நான் பொறுப்பில் இருந்த ஒரு பள்ளியில் இதைத் தொடங்க முயன்ற முதல் ஆண்டில் எவரும் தம் வகுப்புக்குள் இன்னோர் ஆசிரியர் வருவதை விரும்பவில்லை. அதுவரை அவர்கள் வகுப்புக்கு வெளியிலிருந்து வந்து அமர்ந்தவர்கள் எல்லாரும் குறை எழுதுவதற்காகவே வந்தவர்கள். இரண்டாம் ஆண்டில் நானே ஒரு பாடத்தை நடத்தி, பின்வரிசைப் பிள்ளைகள் எந்த இடத்தில் என்னை விட்டு விலகினார்கள் என்பதை இளம் ஆசிரியர்கள் என்னிடம் சொல்லக் கேட்டுக்கொண்ட பிறகே அறைகளின் கதவுகள் திறந்தன.

பின்லாந்தைப் பற்றிப் பேசும்போது வீட்டுப்பாடம் குறைவு, தேர்வு குறைவு என்ற வெளித்தோற்றமே பெரும்பாலும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதன் பின்னால் உள்ள காலவரிசையைப் பார்க்க வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே பொதுப் பள்ளி என்ற சட்டம் 1968-இல் இயற்றப்பட்டது. 1972-இல் வடக்கிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கி 1977-இல் தெற்கை அடைந்தது. ஆசிரியர் கல்வி பல்கலைக்கழகங்களுக்கு மாற்றப்பட்டு, 1979 முதல் முதுநிலைப் பட்டம் ஆசிரியருக்கான தகுதியாயிற்று. திறன்வாரிப் பிரிவுகள் 1985-இல் ஒழிக்கப்பட்டன. பள்ளி ஆய்வு முறை 1990-களில்தான் கைவிடப்பட்டது. முதலில் ஆசிரியரை உயர்த்தி, அதன் பிறகே அவர் மீதான மேற்பார்வையைத் தளர்த்தினார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கிச் சுதந்திரத்தை மட்டும் இரவல் வாங்கும் நாடுகள் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. பல நாடுகளின் 15 வயது மாணவர்களை ஒப்பிடும் பிசா தேர்வில் பின்லாந்தின் மதிப்பெண்களும் 2006-க்குப் பின் இறங்கிவந்திருக்கின்றன என்பதால், எவரும் நிரந்தரமாக வென்றுவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நேரத்தை மாற்றியும் நிலைக்காமல் போன முயற்சி ஒன்றும் உண்டு. மனப்பாடச் சுமையைக் குறைக்க ஜப்பான் 2002-இல் பாடப்பொருளை ஏறத்தாழ 30 விழுக்காடு வெட்டி, சனிக்கிழமை வகுப்பை நிறுத்தி, பாடங்களைக் கடந்து குழந்தைகள் தாமே தேடிக் கற்கும் ஒருங்கிணைந்த பாடவேளையைக் கொண்டுவந்தது. 2003 பிசா முடிவுகளில் இடம் இறங்கியது 2004-இல் தெரியவந்ததும் கல்வித்தரம் வீழ்கிறது என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது; 2008-இல் பாடத்திட்டம் மீண்டும் திருத்தப்பட்டு, 2011 முதல் பாடப்பொருளும் நேரமும் கூட்டப்பட்டன. கால அட்டவணையைத் துணிந்து மாற்றியவர்கள் நுழைவுத் தேர்வின் வினாத்தாளை அதே அளவுக்கு மாற்றவில்லை. அதனால் பள்ளியில் கிடைத்த ஓய்வு நேரம் வசதியுள்ளவர்களுக்குத் தனிப்பயிற்சி நிலையத்துக்கான நேரமாயிற்று, வசதியற்றவர்களுக்கு வெற்று நேரமாயிற்று என்ற குறை எழுந்தது. ஒரு தாளை மாற்றி மற்றொன்றை விட்டுவிடுவதன் விளைவு இது.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் கல்வியிலும் கணக்கு இதுவே. 1994-இல் ஸ்பெயினின் சலமன்கா நகரில் 92 அரசுகள் கூடி, எல்லாக் குழந்தைகளும் பொதுப் பள்ளியில் சேர்ந்து கற்க வேண்டும் என்று அறிவித்தன. இத்தாலி அதற்கு முன்பே, 1977-இல், தனி வகுப்புகளை ஒழித்துச் சட்டம் இயற்றி, வகுப்பறைக்குள் துணை ஆசிரியர் ஒருவரையும் கொண்டுவந்தது. பல பள்ளிகளில் நான் காண்பது சாய்தளம் கட்டப்பட்ட நுழைவாயிலும், பின்வரிசையில் வேலையின்றி அமர்த்தப்பட்ட ஒரு குழந்தையும். சேர்க்கைப் பதிவேட்டில் மாற்றம் வந்துவிட்டது, ஓர் அறைக்கு ஓர் ஆசிரியர் என்ற இலக்கணத்தில் வரவில்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் வேறு மொழி என்று வரும் புலம்பெயர்ந்தோர் குழந்தைகளின் நிலையும் பெரும்பாலும் இப்படித்தான்.

தட்பவெப்பநிலை இன்று பள்ளிகளுக்குப் புதிய சவாலாக வந்து நிற்கிறது. வெப்ப அலை, புயல், வெள்ளம் ஆகியவற்றால் 2024-இல் மட்டும் 85 நாடுகளில் குறைந்தது 24.2 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது என்று யுனிசெஃப் கணக்கிட்டது. பள்ளி மூடுவது அரிதான நிகழ்வாக இனி இருக்காது. சியரா லியோனில் 2014–15 எபோலா தொற்றின்போது பள்ளிகள் பல மாதங்கள் மூடியிருக்க, வானொலி வழியே பாடங்கள் ஒலிபரப்பப்பட்டன. 2020-இல் மீண்டும் பள்ளிகள் மூடியபோது அந்த அனுபவம் கைகொடுத்தது. எஸ்டோனியா 1997 முதலே பள்ளிகளுக்குக் கணினியும் இணையமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்தே கொடுத்துவந்ததால் பெருந்தொற்றுக் காலத்தில் அதிகம் திணறவில்லை. ஓர் இடருக்குப் பின் கற்றதை ஆவணமாக்கி, ஒத்திகை பார்த்து வைத்திருக்கும் பள்ளிக்கு அடுத்த இடர் புதியதாக இருக்காது. எத்தனை பள்ளிகள் 2020-இல் தாங்கள் செய்தவற்றை எழுதி வைத்திருக்கின்றன என்று கேட்டால் கிடைக்கும் விடை எனக்குக் கவலை தருகிறது.

இவற்றையெல்லாம் கேட்ட பின், எங்கள் பள்ளி அளவில் என்ன செய்ய முடியும், தேர்வும் பாடத்திட்டமும் எங்கள் கையில் இல்லையே என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. பொதுத் தேர்வின் வினாத்தாள் கையில் இல்லை என்பது உண்மை. பள்ளிக்குள் நடக்கும் மாதத் தேர்வின் வினாத்தாள் கையில் இருக்கிறது. அதில் மனப்பாட வினாக்களுக்கு நடுவே, இதுவரை பார்த்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசித்து விளக்கச் சொல்லும் ஒரே ஒரு வினாவை எல்லாப் பாட ஆசிரியர்களும் சேர்த்தால், அதற்கு முந்தைய நான்கு வார வகுப்புகளின் தன்மை தானாக மாறும். கால அட்டவணையிலும் பள்ளிக்கு இடமுண்டு. கல்வியாண்டின் முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு குழந்தையையும் தனியாக அமர்த்தி வாசிக்கக் கேட்டு, கணக்குச் செய்யப் பார்த்து, அந்தக் குறிப்பை அடிப்படையாக வைத்து நாள்தோறும் ஒரு பாடவேளையை நிலைவாரிக் குழுக்களுக்கு ஒதுக்கலாம். எல்லா வகுப்புகளுக்கும் அந்தப் பாடவேளை ஒரே நேரத்தில் வர வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைகள் அறை மாறிச் செல்ல முடியாது. அட்டவணை போடுபவர் இந்தச் சிறு நுட்பத்தைத் தவறவிட்டதால் வீணான முயற்சிகளை நான் பார்த்திருக்கிறேன். வாரத்தில் ஒருமுறை ஒரே பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் ஓய்வுப் பாடவேளை வருமாறு அமைத்தால் கூட்டுத் திட்டமிடலுக்குத் தனிக் கூட்டம் போட வேண்டியதில்லை.

இந்த நேரத்தை எங்கிருந்து எடுப்பது என்பதுதான் கடினமான பகுதி, தலைமையாசிரியரின் தலைமை வெளிப்படும் இடமும் அதுவே. ஓர் ஆண்டுத் தொடக்கத்தில் ஆசிரியர்களை அமர வைத்து, அவர்கள் நிரப்பும் பதிவேடுகள் அனைத்தையும் மேசையில் அடுக்கச் சொன்னேன். ஒவ்வொன்றையும் எடுத்து, இதைக் கடைசியாக யார் படித்தார்கள், படித்து என்ன செய்தார்கள் என்று கேட்டோம். துறை கட்டாயமாகக் கேட்பவை ஒரு பக்கம் போயின. யாரோ எப்போதோ தொடங்கி, ஏன் என்று தெரியாமல் தொடர்ந்துவந்தவை மறுபக்கம் சேர்ந்தன. பிற்பகல் முடிவதற்குள் அந்த இரண்டாவது அடுக்கு முதலாவதைவிட உயரமாகியிருந்தது. அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினோம். அந்த ஆண்டு முழுவதும் அவற்றுள் எதையும் கேட்டு ஒருவரும் வரவில்லை. நிலைவாரிக் குழுக்களுக்கான பாடவேளையை நாங்கள் தயார் செய்தது, அந்தப் பதிவேடுகளுக்குப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான்.